கொலோனுக்குப் போன பனங்கட்டி

கொலோன்,
19.11.2023

அன்புத் தங்கச்சி அஞ்சலாவுக்கு,

இங்கே அவரும் கவிசாவும் நானும் சுகம். நீயும் எமிலும் சுகமாக இருக்கிறீர்களா? குளிர் தொடங்கிவிட்டது. காலையில் பேக்கரிக்குள் நுழைந்து அடுப்புப் பக்கம் நின்றால்தான் கைவிரல் மடங்குகிறது.

"சித்தியோட கதைக்க இவ்வளவு பேப்பர் வேணுமோ அம்மா?" என்று கவிசா சிரிக்கிறாள். ஷெல் சத்தத்தோடு போனது உன் காது. போனில் தட்டி எழுத வராதது என் விரல். எங்களுக்குப் பேப்பரில் எழுதிப் படமெடுத்து அனுப்புவதுதான் சரி என்று சொன்னேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போன மாதம் கொடுத்துவிட்ட பனங்கட்டியில் இரண்டு ஓலைக் குட்டான் வேலைக்குக் கொண்டுபோனேன். இடைவேளையில் எங்கள் முதலாளி அம்மா, லென்னாற்ஸ் என்று பெயர், ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுக் கோப்பியைக் குடிக்காமல் அப்படியே நின்றார். "இதிலை புகை வாசம் இருக்கு, பழ வாசமும் இருக்கு. இது என்ன?" என்று கேட்டார். பனஞ்சாற்றைக் காய்ச்சி எடுப்பது என்றேன்.

நத்தார் காலத்தில் இங்கே ஸ்பெகுலாற்சியுஸ் என்று கறுவா, ஏலம் போட்ட மெல்லிய பிஸ்கட் செய்வார்கள். அடுத்த வருட நத்தாருக்கு அதை எங்கள் பனங்கட்டியில் செய்து பார்க்க விரும்புகிறார். அவருக்கு நாலு கடை. ஆயிரம் கிலோ வேண்டுமாம். உங்களால் ஏலுமா? யோசித்து எழுது.

எமிலை விசாரித்ததாகச் சொல். கர்த்தர் காப்பார்.

உன் அக்கா,
ஜசிந்தா

*

புளியந்துறை,
வடமராட்சி கிழக்கு
27.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

மாதாவின் தயவால் நாங்கள் இருவரும் நல்ல சுகம். அத்தானும் கவிசாவும் நலமாக இருக்க மன்றாடுகிறோம். உங்கள் கடிதத்தைக் காய்ச்சும் கொட்டிலில் வைத்துப் பெண்கள் எல்லாருக்கும் வாசித்தேன். ரஞ்சினி என்னிடமிருந்து பிடுங்கித் தானும் ஒருமுறை வாசித்தாள்.

உண்மையைச் சொல்கிறேன். கொட்டிலைத் திறந்து இரண்டு வருடம். ஆறு பெண்கள் காய்ச்சுகிறோம், நாலு ஆண்கள் ஏறுகிறார்கள். ஐயாவின் காலத்தில் இருபத்திரண்டு பேர் ஏறிய ஊர் இது. சந்தையில் சீனி கலந்த கட்டி மலிவு என்பதால் எங்கள் கட்டி தேங்கிக் கிடக்கிறது. கலக்கிறவர்களுக்கு வெட்கமில்லை. இப்படியே போனால் அடுத்த வருடம் மேசன் வேலைக்குப் போய்விடுவோம் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள்.

எமில் கணக்குப் பார்த்தார். தை மாதம் பாளை தட்டத் தொடங்கி நாலு பேரும் விடாமல் ஏறினால் ஆயிரம் கிலோ வருமாம். "அக்காவிட்டை ஓம் எண்டு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் ஐயா பனை ஏறினவர், நான் உங்கள் தங்கச்சி என்று அந்த அம்மாவிடம் சொன்னீர்களா? அங்குள்ள தமிழ்ச் சங்கத்து ஆட்களுக்குத் தெரியவந்தால் உங்களுக்கு ஏதும் கரைச்சல் வராதா?

மாதிரிக்கு மூன்று கிலோ அனுப்புகிறேன். எங்கள் அன்பு முத்தங்கள் கவிசாவுக்கு.

தங்கச்சி,
அஞ்சலா

*

கொலோன்,
14.1.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நத்தாரும் புதுவருடமும் நல்லபடி முடிந்தன. எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. உன் சுகத்துக்கு எழுது.

ஆயிரம் கிலோவும் உறுதி. முதல் ஐந்நூறு சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் கப்பலேற வேண்டும், மிச்சம் ஆவணியில். இங்கே ஒரு ஆய்வுகூடம் மாதிரியைப் பார்த்து நல்லதென்று சொல்லிவிட்டது. லென்னாற்ஸ் அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "பனஞ்சாறு தவிர வேறொண்டும் இல்லை எண்டு நான் பெட்டியிலை எழுதப்போறன். எழுதலாம்தானே?" என்று கேட்டார். எழுதுங்கோ, நான் பொறுப்பு என்றேன். பத்தொன்பது வருடமாக அந்த அடுப்படியில் நிற்கிறேன். இதற்கு முதல் ஒருமுறையும் அந்த அறையில் கதிரை தந்து இருத்தியதில்லை.

உங்களை ஒரு கூட்டுறவுச் சங்கம் என்று சொல்லியிருக்கிறேன்.

கவனமாக வேலை செய்யுங்கள். கர்த்தர் துணை.

அக்கா,
ஜசிந்தா

*

புளியந்துறை,
11.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். நேரமில்லை, கையில் பாகு ஒட்டியிருக்கிறது, கடதாசியில் கறை தெரிந்தால் குறை நினைக்க வேண்டாம்.

இந்த வருடம் மரங்கள் நன்றாகச் சுரக்கின்றன. எமில் பதினாலு மரம் ஏறுகிறார். காலையும் மாலையும் முட்டி நிறையக் கருப்பணிச் சாறு வருகிறது. சுண்ணாம்பு தடவிய முட்டி என்பதால் புளிப்பில்லை. ஆறு பெண்களும் முறை வைத்துக் காய்ச்சுகிறோம். கொட்டிலுக்கு வெளியே நின்றால் றோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி மணம் பிடிக்கிறார்கள். மேசன் வேலைக்குப் போவேன் என்றவர் இப்போது அந்தக் கதையே எடுப்பதில்லை.

இன்று வரைக்கும் நூற்றெண்பது கிலோ. படம் அனுப்பியிருக்கிறேன். தலையில் துவாயோடு சிரிக்கிறவர் உங்கள் மச்சான்.

தங்கச்சி,
அஞ்சலா

*

கொலோன்,
17.3.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். ஐந்து கிழமையாக உன்னிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. வேலை கூட என்று நினைத்துக்கொள்கிறேன்.

லென்னாற்ஸ் அம்மா புது அச்சுப்பலகை செய்யக் கொடுத்திருக்கிறார். பிஸ்கட்டில் பனைமரம் விழும். எந்தப் பக்கம் ஓலை சாய வேண்டும் என்று என்னைக் கேட்டார். கடைசியாக நான் பனையைப் பார்த்து இருபத்தொன்பது வருடம். காற்றடிக்கிற பக்கம் என்றேன்.

எமிலுக்கு வயிற்றெரிவு இருந்ததே, மாறிவிட்டதா? இரண்டு வரி எழுது.

அக்கா,
ஜசிந்தா

*

புளியந்துறை,
2.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறோம்.

ஐந்நூறு கிலோவும் பெட்டியில் அடைத்தாயிற்று. நாளை கொழும்புக்குப் போகிறது. எமிலுக்கு வயிற்றெரிவு இல்லை.

தங்கச்சி,
அஞ்சலா

*

கொலோன்,
24.5.2024

அஞ்சலாவுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பெட்டிகள் போன கிழமை வந்தன. ஆய்வுகூடம் திரும்பவும் பார்த்தது. நேற்று முடிவு வந்தது. மூன்றில் ஒரு பங்கு பனஞ்சீனி இல்லையாம், கரும்புச்சீனியாம். நான் ஏற்கவில்லை. கவிசா அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, கரும்பு வளருற விதம் வேறை, பனை வளருற விதம் வேறை. சீனியாக் காய்ச்சினாலும் அந்த வித்தியாசம் உள்ளுக்கை இருக்கும். மெசினுக்குப் பொய் சொல்ல ஏலாது" என்றாள்.

லென்னாற்ஸ் அம்மா சத்தம் போடவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "நீங்கள் பொறுப்பு எண்டு சொன்னனீங்கள்" என்றார். அவ்வளவுதான். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். இன்று முழுக்கக் கண்ணுக்குக் கண் பார்க்க முடியாமல் மாவைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன்.

யார் செய்தது? ஏறுகிறவர்களா, காய்ச்சுகிறவர்களா, வழியில் யாருமா? எமில் இருக்க இது எப்படி நடந்தது? எமிலை எனக்குத் தன் கைப்பட எழுதச் சொல்.

ஜசிந்தா

*

புளியந்துறை,
13.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்றுமுறை எழுதிக் கிழித்தேன். சுகம் விசாரித்துத் தொடங்கக் கூச்சமாக இருக்கிறது.

நான்தான் செய்தேன். வேறு யாருக்கும் பங்கில்லை.

மாசி 27ஆம் தேதி காலை எமில் பதினோராவது மரத்திலிருந்து விழுந்தார். பிடித்த மட்டை கழன்றுவிட்டது. இடுப்பெலும்பு உடைந்து, பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கம்பி வைத்தார்கள். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். இனி மரம் ஏற ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதைப் பார்த்த இன்னொருவர் அன்றே காலில் போட்டு ஏறும் தளைநாரைக் கழற்றி வைத்துவிட்டார். மிஞ்சியது இரண்டு பேர்.

உங்களுக்கு எழுதினால் நீங்கள் அந்த அம்மாவிடம் சொல்லுவீர்கள், அவர் வேண்டாம் என்றுவிடுவார், கொட்டிலைப் பூட்ட வேண்டிவரும் என்று பயந்தேன். ஆசுபத்திரி வாங்கில் இருந்து யோசித்ததெல்லாம் அதுதான். பங்குனி முடிய நூற்றைம்பது கிலோவுக்கு மேல் குறைந்தது. ஊர்ச் சங்கக் கடையில் மூன்று மூடை சீனி எடுத்தேன். மற்றப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கொதிக்கும் தாச்சியில் கொட்டினேன். அடுத்த நாள் ரஞ்சினி ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அகப்பையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நாலு நாள் வரவில்லை.

சந்தையில் கலக்கிறவர்களுக்கு வெட்கமில்லை என்று எழுதியதும் இதே கைதான்.

எமிலுக்குச் சீனி விஷயம் தெரியாது. உங்கள் கடிதத்தை வாசித்துத்தான் அறிந்தார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என்னோடு எழுதிக் கதைக்கிற கொப்பியில், "முழுக்க எழுது. ஒண்டும் விடாதை" என்று எழுதிக் காட்டினார்.

அந்த அம்மாவிடம் என் பெயரைச் சொல்லுங்கோ. உங்கள் வேலைக்கு ஒன்றும் வரக் கூடாது. மிச்ச ஐந்நூறு கிலோவை மறந்துவிடச் சொல்லுங்கோ.

அஞ்சலா

*

கொலோன்,
18.6.2024

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் எமிலின் இடுப்பு. நோ எப்படி? படுத்து எழும்ப ஆர் உதவி? விபரமாக எழுது. கவிசா அழுதுகொண்டிருக்கிறாள்.

நான் இன்று அந்த அறைக்குப் போனேன். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனேன், தமிழ் அவருக்கு விளங்காது என்றாலும். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடியும்போது, "செய்தவ என்ரை சொந்தத் தங்கச்சி" என்றேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"வெட்கம்."

"என்னத்துக்கு வெட்கம்?"

எனக்கு டொய்ச் வராமல் நின்றது இல்லை, அஞ்சலா, இருபத்தொன்பது வருடம் கதைக்கிற பாசை. ஆனால் அதற்குச் சொல் தேட நேரமெடுத்தது. எங்கள் ஐயா பனை ஏறினவர் என்றேன். ஏறுகிறவர்களுக்குச் சில வீடுகளில் சிரட்டையில்தான் தண்ணீர் கொடுத்தார்கள் என்றேன். இங்கே வந்தும் சங்கத்தில் ஆரும் ஊர், தகப்பன் பெயர் கேட்டால் கதையை மாற்றிவிடுவேன் என்றேன். நீ கார்த்திகையில் கேட்டதற்கு நான் பதில் எழுதாததும் அதனால்தான்.

அவர் பேனையைத் திரும்ப எடுத்தார். பிறகு கேட்டார்: "சுத்தமானது எத்தினை கிலோ அவையாலை தர ஏலும்?"

"தெரியாது" என்றேன்.

"முதல்முறையா எனக்கு உண்மையான கணக்கு வந்திருக்கு" என்றார்.

வந்த ஐந்நூறையும் சாதாரணச் சீனி போடும் கேக்குகளுக்கு எடுத்துக்கொள்வாராம். பனை அச்சுக்கு மட்டும் ஒரு சொட்டுக் கலப்பும் கூடாது. ஆவணி இருபதுக்குள் ஐம்பது கிலோ கப்பலேறினால் ஐம்பது கிலோவுக்குத்தான் பிஸ்கட். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டு ஆய்வுகூடத்துக்குப் போகும்.

சீனியை நான் மன்னித்துவிட்டேன். எமில் விழுந்ததை நாலு மாதம் என்னிடம் மறைத்ததை மன்னிக்க இன்னும் கொஞ்சநாள் எடுக்கும்.

கர்த்தர் உங்கள் இருவரோடும் இருப்பாராக.

உன் அக்கா,
ஜசிந்தா

*

புளியந்துறை,
21.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எமில் கைத்தடி இல்லாமல் கொட்டில் வரைக்கும் நடக்கிறார். நான் சுகம், உள்ளங்கை மட்டும் காய்த்துப்போயிருக்கிறது. ஏன் என்று கேளுங்கோ.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று பெண்கள் எல்லாரையும் இருத்திச் சீனி விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு ரஞ்சினி என் கொப்பியை வாங்கி எழுதினாள்: "ஏற ஆக்கள் இல்லையெண்டால் நாங்கள் ஏறுவம்."

சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

எமில் மாடு வாங்க வந்தவர்போல இரண்டு நாள் மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நெல்லியடியில் ஒரு பட்டறையில் இரும்புச் சட்டம் இரண்டு ஒட்டுவித்தார். ஒன்றில் இருக்கலாம், மற்றதில் கால் வைக்கலாம். இரண்டும் மரத்தைக் கவ்விப் பிடிக்கும். இடுப்பில் பட்டி. கை விட்டாலும் கீழே வரமாட்டோம். அவருக்கு இது முதலே இருந்திருந்தால் என்று நினைத்தேன், எழுதிக் காட்டவில்லை.

முதலில் நான் ஏறினேன். செய்த பிழைக்கு நான்தானே முதல் ஏற வேண்டும். கீழே நின்று ஊரே கத்தியதாம். எனக்குக் கேளாது. அதனால் பயமும் இல்லை. எமில் அடிமரத்தில் தடியால் தட்டுவார், அது என் உள்ளங்கையில் தெரியும். ஒன்று தட்டினால் நில், இரண்டு தட்டினால் இறங்கு. பாதி மரத்தில் கால் நடுங்கியபோது ஒன்று தட்டினார். நின்றேன். நடுக்கம் போகும்வரை அவர் பிறகு தட்டவே இல்லை.

மேலே ஓலைக்குள் தலை நுழைந்ததும் கடல் தெரிந்தது. இத்தனை வருடம் இந்த மரங்களுக்குக் கீழே நின்றிருக்கிறேன். மேலிருந்து கடல் தெரியும் என்று ஐயாவோ எமிலோ எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

பாளை சீவுவது கத்தி பிடிக்கத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் வரும், ஒரு கிழமை எடுத்தது. நானும் ரஞ்சினியும் இன்னொருத்தியும் ஆளுக்கு எட்டு மரம். நாங்கள் ஏறுவதைப் பார்த்து, தளைநாரைக் கழற்றி வைத்தவரும் ஆடியில் திரும்ப வந்து தனக்கும் ஒரு சட்டம் கேட்டார்.

முந்நூற்றிருபது கிலோ. நேற்றுக் கப்பலுக்குப் போனது. ஒவ்வொரு தாச்சியிலும் ரஞ்சினி நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் குட்டானில் ஊற்றினோம். உங்கள் மெசின் என்ன சொல்கிறதோ தெரியாது, ரஞ்சினி சரி என்றுவிட்டாள்.

கவிசாவை அணைத்ததாகச் சொல்லுங்கோ.

தங்கச்சி,
அஞ்சலா

*

கொலோன்,
8.12.2024

அன்புத் தங்கச்சி அஞ்சலாவுக்கு,

கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி நாங்கள் நல்ல சுகம். எமிலின் இடுப்புக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள். மெசின் முடிவு உனக்குத் தெரியும்: ஒவ்வொரு பெட்டியும் சுத்தம்.

பிஸ்கட் முடிந்துவிட்டது. நத்தார் வரை வைத்து விற்க நினைத்தோம், திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறுக்கே ஒரு பெட்டியும் இல்லை. நேற்று ஐகல்ஸ்டைன் தெருக் கடைக்கு முன்னால் மழைக்குள் வரிசை மூலை திரும்பி நின்றது. லென்னாற்ஸ் அம்மா என்னை அடுப்படியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து கல்லாப் பக்கம் நிறுத்தினார். "கேக்கிறவைக்கு நீங்களே சொல்லுங்கோ" என்றார். காலை முழுக்கச் சொன்னேன். என் தங்கச்சி ஏறுகிறாள், அவள் புருஷன் ஏறினார், எங்கள் ஐயா ஏறினார். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்டார்.

பதினொரு மணியளவில் வரிசையில் மகாதேவி அக்கா. எங்கள் சங்கத்துத் தலைவி, நான் உனக்கு எழுதியிருக்கிறேன், ஆர் எந்த ஊர் எந்தப் பகுதி என்று விரல் நுனியில் வைத்திருக்கிறவர். அவர் எனக்கு முன்னால் வந்து நிற்கும்போது நான் ஒரு ஜேர்மன்காரிக்கு எங்கள் ஐயாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிறுத்தலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நிறுத்தவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "உங்களுக்கு எத்தினை பெட்டி அக்கா?" என்றேன்.

"நாலு" என்றார். பெட்டிகளை வாங்கினவர் போகவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கல்லா மேல் குனிந்து, மெல்லமாய், "ஜசிந்தா, எங்கட அப்பாவும் ஏறினவர்தான். என்ரை பிள்ளையளுக்குக்கூட நான் சொன்னதில்லை" என்றார்.

கடைக்குள் கூப்பிட்டுக் கதிரை கொடுத்தேன். ஒரு பெட்டியை அங்கேயே உடைத்தார். ஒரு பிஸ்கட்டை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, தைப்பொங்கல் விழாவில் சங்கத்தில் இதைப் பற்றி நான் பேச வேண்டும் என்றார். தகப்பன் பெயரையும் ஊரையும் தானும் மேடையில் சொல்லப்போகிறாராம்.

அடுத்த வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோ கேட்கிறார் லென்னாற்ஸ் அம்மா. "ஏலும் எண்டால் மட்டும்" என்று எழுதச் சொன்னார். பெட்டியில் போட ஏறுகிறவர்களின் பெயர்களும் வேண்டுமாம்.

இறைவன் உங்கள் கைகால்களைக் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
ஜசிந்தா

*

புளியந்துறை,
26.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். உங்கள் கால் வீக்கத்துக்கு வெந்நீரில் உப்புப் போட்டு வையுங்கோ. நாங்கள் சுகம். எமில் இப்போது சட்டம் ஒட்டுவிக்கிறதும் மரம் தெரிவு செய்கிறதுமாய் என்னைவிடப் பிசி.

இரண்டாயிரம் கிலோவுக்கு ஓம் என்று சொல்லுங்கோ. இந்தமுறை அது கணக்குப் பார்த்த ஓம். ஏறுகிறவர்கள் ஒன்பது பேர், அதில் நாலு பேர் பெண்கள். ஒருவர் விழுந்தாலோ வருத்தமென்றாலோ அன்றே உங்களுக்கு எழுதுவேன், அத்தனை கிலோ குறையும் என்றும் எழுதுவேன்.

பெயர்ப் பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எமிலின் பெயரையும் சேர்த்திருக்கிறேன். அவர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. மகாதேவி அக்காவின் தகப்பன் பெயரை அறிந்து எழுதுங்கோ. அவர் ஊர் எங்களுக்குப் பக்கம்தான், பழைய ஆட்களைக் கேட்டால் எந்த மரங்களில் ஏறினார் என்றுகூடச் சொல்லுவார்கள்.

வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப் போனோம். வழக்கமாக எங்கள் அட்டையில் தொழில் என்ற இடத்தில் வீட்டுப்பணி என்று இருக்கும். நாலு பேரும் அதை விட்டுவிட்டு "சீவல் தொழில்" என்று எழுதிக் கொடுத்தோம். கந்தோரில் இருந்த தம்பி படிவத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்பவும் படிவத்தைப் பார்த்தார். நான் உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்: "அக்கா, இதிலை பிழையா எழுதிப்போட்டியள்போலை."

ரஞ்சினி காய்த்துப்போன தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து மேசையில் வைத்தாள். நாங்கள் மூவரும் பக்கத்தில் வைத்தோம்.

"சரியாத்தான் எழுதியிருக்கு" என்றேன். "முத்திரையைக் குத்தும்."

குத்தினார்.

பொழுது ஏறுகிறது, மரத்துக்குப் போக வேண்டும். மாதா உங்கள் வீட்டைக் காப்பாராக.

தங்கச்சி,
அஞ்சலா